விளக்குக்கு வைத்த பொன்

மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சில கிலோமீட்டர் போனால் சாளுவன்குப்பம். புலிக்குகையைப் பார்க்க வருகிறவர்கள் பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சற்று நடந்தால் அதிரணசண்ட மண்டபம் என்ற சிறிய பல்லவர் குடைவரை இருக்கிறது. அதிரணசண்டன் என்று பட்டம் சூடிய மன்னனைப் புகழும் வடமொழிச் செய்யுள்கள் அதன் இரு பக்கச் சுவர்களிலும் வெட்டப்பட்டுள்ளன. ஒரு பக்கம் கிரந்த எழுத்தில், மறு பக்கம் நாகரி எழுத்தில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கடலை ஒட்டி, ஒரு முருகன் கோயிலின் அடித்தளம் கிடக்கிறது. அங்கே தூண்களில் இருப்பவை செய்யுள்கள் இல்லை. யார் கொடுத்தார், எத்தனை கழஞ்சு பொன், எதற்காக என்ற கணக்குதான். கார்த்திகை விழாவுக்கு ஒருவர் 10 கழஞ்சு கொடுத்திருக்கிறார். வசந்தனார் என்ற பெண் விளக்கெரிய 16 கழஞ்சு கொடுத்திருக்கிறார்.

இந்த இரண்டு வகை எழுத்துக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி நிரம்பியதையும், சந்தையில் கீரை விலை ஏறியதையும், எந்த ஊருக்குப் பேருந்து நின்றுபோனது என்பதையும் எழுதுகிறவன் நான். படிக்கிறவர்கள் அன்போடு கேட்பதுண்டு: “எல்லாம் சரி சார், எப்போ இலக்கியம் எழுதப் போறீங்க?” தினமும் எழுதுகிற எழுத்து செய்தி சொல்வதோடு முடிந்துவிடும், கலை என்பது வேறு எங்கோ உயரத்தில் இருக்கிறது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. எழுதத் தொடங்கும் இளைஞர்களையும் இந்த எண்ணம் வாட்டுகிறது. அதற்குப் பதில் தேடும்போதெல்லாம் என் மனம் சாளுவன்குப்பத்துக்குத்தான் போகிறது.

அந்த முருகன் கோயில் கிடைத்த வரலாறு அப்படிப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையை அடித்துவிட்டுப் பின்வாங்கியபோது மணலையும் வாரிக்கொண்டு போனது. அதுவரை மூடிக் கிடந்த பாறை எழுத்துகள் வெளியே தெரிந்தன. அவற்றில் ஒன்று, பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் காலத்தது. தமிழ்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று குறிப்பிடுவது இவரைத்தான். திருவிழிச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி அந்தக் கல்வெட்டு பேசியது. அப்படி ஒரு கோயில் அங்கே யார் கண்ணிலும் பட்டதில்லை. இந்தியத் தொல்லியல் துறையினர் கல்வெட்டின் சொல்லை நம்பி, அருகில் இருந்த மண்மேட்டை 2005இல் தோண்டினார்கள். பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானம் வெளிப்பட்டது. அதற்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்று. முன்னால் கல்லாலான ஒரு வேல்.

ஒரு கோயிலே மண்ணுக்குள் போய்விட்டது. ஊர்ப்பெயர் மாறிவிட்டது. பூசையும் நின்றது, விளக்கும் அணைந்தது. கல்லில் எழுதிய குறிப்பு மட்டும் தான் சொல்ல வந்ததைக் காப்பாற்றி வைத்திருந்து, ஆயிரம் ஆண்டு கழித்து வந்தவர்களுக்கு வழி காட்டியது.

அதே ஊரின் செய்யுள்கள் வேறு கதை. அதிரணசண்டன் என்ற பட்டம் எந்தப் பல்லவ மன்னனுக்கு உரியது என்பதில் அறிஞர்கள் ஒருமுகப்படவில்லை. இராசசிம்மன் என்கிறார்கள் சிலர், வேறு மன்னன் என்கிறார்கள் சிலர். புகழ் இருக்கிறது, புகழப்பட்டவர் யாரென்று வாதம் நடக்கிறது. இதைச் சொல்லிச் செய்யுளைத் தாழ்த்துவது என் எண்ணமில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் இராசசிம்மனின் பட்டப்பெயர்களை வரிசை வரிசையாக, கொடி ஓடுவது போன்ற எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு வரியும் படிக்கத் தெரியாமல் அதன் முன் நின்றாலும் மனம் நிறைகிறது. எழுத்தின் உருவமே கலையாக முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். என்றாலும் அழகு எத்தனை கூடினாலும் செய்தியின் இடத்தை அது நிரப்பாது.

அப்படியானால் கணக்கு எழுதினவர்களிடம் கலை இல்லையா? கோயிலில் அணையா விளக்கு எரியவேண்டுமென்று ஒருவர் ஆடுகளைக் கொடுப்பார். தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு ஒரு விளக்குக்குக் கணக்கு. மேய்ப்பவர் அவற்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்கவேண்டும். ஆடு கிழமாகும், சாகும். குட்டிகள் அந்த இடத்தை நிரப்ப வேண்டும், எண்ணிக்கை ஒருநாளும் குறையக்கூடாது. இந்த ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் சாவா மூவாப் பேராடு என்ற தொடரில் அடக்கிவிடுகின்றன. சாகாத, மூப்படையாத ஆடு! வழக்கு வராமல் தடுக்க எழுதிய நிபந்தனை அது. எழுதினவர் உவமை தேடி அலையவில்லை. மேய்ப்பவர் நாளைக்கு “ஆடு செத்துப்போச்சு” என்று சொல்லி நழுவக்கூடாது என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலையின் இறுக்கத்திலிருந்து, காலத்தையே வெல்கிற ஒரு மந்தை நம் கண்முன் வந்து நிற்கிறது.

இதைவிடப் பெரிய சான்று உத்திரமேரூரில் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். குடவோலை முறைக்குச் சான்றாக அவற்றைப் பாடத்தில் படிக்கிறோம். குடும்பு என்ற முப்பது ஊர்ப் பிரிவுகள், வயது 35க்கு மேல் 70க்குள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதிகளை மனப்பாடம் செய்கிறோம். அதை ஓர் எழுத்தாக நாம் படிப்பதில்லை.

ஒருமுறை அப்படிப் படித்துப் பாருங்கள். சிறியவர் பெரியவர் அடங்க ஊர்ச்சபை கூடியிருக்கிறது. கோயில் பூசை செய்யும் நம்பிமார் எல்லோரும் சபை நடுவே இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர், குடும்புவாரியாகக் கட்டிய பெயர் ஓலைகள் உள்ள குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே இருப்பதன் வேறுபாடு அறியாத ஒரு சிறுவனை அழைத்து எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்த ஓலைக்கட்டை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். அதிலிருந்து அந்தச் சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தர் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தர் அதை வாங்கும்போது ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில்தான் வாங்கவேண்டும். பிறகு படிக்கவேண்டும். அதன்பின் நம்பிமார் ஒவ்வொருவரும் படிக்கவேண்டும்.

அந்த விரிந்த கையைக் கவனியுங்கள். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடாது என்பதற்காக வைத்த விதி. வருணனையாக எழுத நினைத்த எவருக்கும் இது தோன்றியிராது. ஊரின் பொதுக்காரியம் பழுதாகக்கூடாது என்று கடைசிவரை யோசித்தவருக்குத்தான் தோன்றும். அதனால்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கை நமக்குத் தெரிகிறது, அதைச் சுற்றி நிற்கும் ஊரும் தெரிகிறது. இதை எழுதியவர் தன் பெயரையும் சேர்த்தே வெட்டுவித்தார். காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப்பிரியன் என்ற மத்தியஸ்தர் அவர். சபையார் பணித்தபடி எழுதியவர்தான். ஆனாலும் எழுத்து தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாமல்லபுரத்திலேயே இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஊர் நடுவே நிற்கும் அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தில் விளக்கமாக ஒரு சொல்லும் இல்லை. அருச்சுனன் தவம் என்கிறார்கள் சிலர், பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்கிறார்கள் சிலர். வாதம் தீரவில்லை. தீராததால் சிற்பத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. செய்தியே சொல்லாமல் கலை நிற்க முடியும் என்பதை நான் மனதார ஏற்கிறேன். ஆனால் அருகே போய்ப் பாருங்கள். ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. ஒரு பூனை தவம் செய்கிறவரைப் போல முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்க, காலடியில் எலிகள் இருக்கின்றன. மான் எப்படிச் சொறிந்துகொள்ளும் என்று பொறுமையாகப் பார்த்த சிற்பியும், ஓலை எப்படித் திருடுபோகும் என்று பொறுமையாக யோசித்த மத்தியஸ்தரும் ஒரே இனத்தவர்கள். ஒருவருடைய கவனம் பொருளின் மேல் இருந்தது, மற்றவருடையது நாளை படிக்கப்போகிறவரின் மேல் இருந்தது. இரண்டிடத்திலும் கலை அந்தக் கவனத்திலிருந்துதான் பிறந்தது.

எனவே எழுத்தைக் கலை, செய்தி என்று இரண்டாகப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அக்கறையோடு எழுதியது, அக்கறை இல்லாமல் எழுதியது என்று பிரித்தால் எழுதுகிறவனுக்கு உதவும். யாருக்கும் புரியக்கூடாது என்றே எழுதியது போன்ற சுற்றறிக்கைகள் இருக்கின்றன. படிப்பவரை மறந்து, சொல்லடுக்கில் மயங்கிய கவிதைகளும் இருக்கின்றன. இரண்டும் ஒரே குற்றத்தைத்தான் செய்கின்றன.

இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குச் செய்தி என்பது உயிர். 2004இல் அலை வருமுன் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதன் பிறகு, 2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. இன்று கடல் கொந்தளிக்கும் நாள்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வருகிறது. எந்த நாள், எந்தக் கரை, காற்று எவ்வளவு வேகம் என்பவை அதில் ஒருமுறை கேட்டதும் பதியும்படி இருக்கவேண்டும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பேர் சொல்லி அழைக்கிறவர்களுக்கு எழுதும் நாலு வரி அது. அதை நன்றாக எழுத ஒரு கவிஞனுக்குள்ள செவி வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் தெருவிளக்குக்காக வந்தார். எந்தக் கம்பம் என்று கேட்டேன்.

“கோயில் முனையிலேருந்து மூணாவது கம்பம் தம்பி. அதுக்கு அடியிலதான் நாங்க கூடையை இறக்கி வெச்சு ஆட்டோவுக்கு நிப்போம். நாலு மணிக்கு ஒண்ணுமே தெரியாது. கை வெச்சுப் பார்த்துத்தான் என் கூடை எது, அவ கூடை எதுன்னு எடுப்போம்.”

அவர் சொன்னதை அப்படியே எழுத்துத் தமிழுக்கு மாற்றினேன். என் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எந்தக் கம்பம் என்பது அதிலேயே இருந்தது, விளக்கு ஏன் வேண்டும் என்பதும் இருந்தது. இருட்டில் கூடைகளைத் தடவிப் பார்க்கும் கைகளும் இருந்தன. மூன்றையும் தனித்தனியே பிரித்து எழுதச் சொன்னால் என்னால் முடியாது. சில வாரங்களில் விளக்கு வந்தது. நான் எழுதியவற்றில் எது நல்ல எழுத்து என்று யாராவது கேட்டால், அச்சில் வராத அந்த ஒரு பக்கத்தைத் தயங்காமல் சொல்வேன்.

கல்கி ‘சிவகாமியின் சபத’த்துக்கான கரு மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்தபோது தோன்றியதாகச் சொல்லியிருக்கிறார். அதை அவர் எழுதியது வாரப் பத்திரிகையில், வாரத்தின் கெடுவுக்கு உட்பட்டு, அடுத்த இதழுக்காகக் காத்திருக்கும் வாசகர்களுக்காக. அந்தக் காத்திருப்பு அவர் கலைக்கு இடைஞ்சலாக இருந்ததென்று நான் நினைக்கவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்திருப்பது எழுதுகிறவனுக்குப் பெரிய கொடை.

அதனால், தங்கள் ஊரைப் பற்றித் தினமும் எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது இதுதான். ஏரியில் தண்ணீர் எத்தனை படி ஏறியது என்று எழுதுங்கள். எந்தத் தெருவில் எந்த மரத்தை வெட்டினார்கள், எந்தத் தேதியில் வெட்டினார்கள் என்று எழுதுங்கள். எத்தனை கழஞ்சு என்பதை விடாமல் சொல்லுங்கள், யார் கொடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். அது இலக்கியமா என்று இன்றைக்கே தீர்ப்புக் கேட்டு நிற்காதீர்கள். வசந்தனாரின் பொன்னைப் பற்றி எழுதியவர் கேட்டிருக்கமாட்டார். படிக்கப்போகிறவர் தவறாகப் புரிந்துகொள்ளாதபடி எழுதியிருக்கிறோமா என்று மட்டும் ஒவ்வொரு வரியையும் கேளுங்கள். அந்தக் கேள்வியைத் தாங்கி நிற்கிற வரிக்குக் கீழே, உத்திரமேரூர் மத்தியஸ்தரைப் போல, கூச்சமில்லாமல் உங்கள் பெயரை எழுதுங்கள்.