கதவுக்குப் பின்னால் நின்றவன்

என் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துவைக் கற்றுக்கொடுத்தேன் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய். நான் கற்றுக்கொடுத்தது பயம். அதற்குத் துணையாக வசனங்களை வைத்துக்கொண்டேன். தீர்ப்பு சொல்ல வேண்டியது இதைப் படிக்கிறவர்கள். ஆகையால் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டு நழுவ மாட்டேன்.

ஊர் பாளையங்கோட்டை. சிஎஸ்ஐ சபை. ஓய்வுநாள் பள்ளியில் பல வருடம் பாடம் நடத்தியவன். எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, அதற்குப் பிறகு நான். நைஜீரியாவில் எரிந்த ஆலயம், 2008இல் கந்தமாலில் உயிருக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள் என்று சொல்லிக்கொண்டே போவேன். பிள்ளைகள் தங்களுக்குள் அதை ‘அப்பா நியூஸ்’ என்பார்களாம். மனைவி பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

துன்புறுத்தப்படுகிறவர்களுக்காக ஜெபிப்பது தப்பில்லை. நான் அதை எப்படிச் சொன்னேன் என்பதில்தான் தப்பு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸ் என்ற ஆஸ்திரேலிய மிஷனரியும், கூட வந்திருந்த பத்து வயது பிலிப்பும் ஆறு வயது திமோத்தேயுவும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்போது எரிக்கப்பட்டார்கள். அந்தத் தீயை நான் விஸ்தாரமாகச் சொல்வேன். கும்பல் சூழ்ந்ததை, வெளியே வர விடாததைக் குரல் ஏற்றி இறக்கிச் சொல்வேன். கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த கிளாடிஸ் அம்மையார், கொன்றவர்களை மன்னித்ததாகச் சொன்னார். ஓடிப்போகாமல் மகளோடு ஒடிசாவின் பாரிபதாவிலேயே இருந்து தொழுநோயாளிகளைக் கவனித்தார். இதை ஒரே வரியில் முடித்துவிடுவேன். தீயில் விறுவிறுப்பு இருந்தது. மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உலகம் முழுக்க நம்மை அடிக்கிறார்கள் என்று சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமை வரும். அடிபட்டவன் நானா? என் மேல் ஒரு சின்னக் கல்கூட விழுந்ததில்லை. அரசாங்க உத்தியோகம், சொந்த வீடு, ஆலயத்தில் முன்வரிசை. யாரோ சிந்திய ரத்தத்தை என் சட்டையில் பதக்கமாகக் குத்திக்கொண்டு நடந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு இருந்தது. மேலப்பாளையத்துக்காரர்கள். அவர்கள் பையனும் என் மகனும் ஒரே வகுப்பு. ரம்ஜான் மாதம் சாயங்காலமானால் அந்தப் பையன் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் கேக்கும் போகும். அதற்கு மேல் பெரிய உறவு என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் அது போதுமானதாக இருந்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த பண்டிகை. இலங்கையில் மூன்று ஆலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளி முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகள். நம் பிள்ளைகளைப் போலவே தமிழில் பாடுகிற, தமிழில் மனப்பாட வசனம் சொல்கிற பிள்ளைகள். டிவி முன்னால் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை நிஜம். பின்னால் செய்த காரியத்துக்கு அந்த அழுகையையே சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வாரம் ஜெபக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். குண்டு வைத்தவர்களின் தலைவன் தமிழில் பிரசங்கம் பண்ணியவன் என்றேன். “நம்ம பாஷை பேசிக்கிட்டு, நம்ம பக்கத்துலயே இருக்காங்க” என்றேன். கூட்டம் முடிந்ததும் பலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சேகரக் கமிட்டித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

மே மாதம் ரம்ஜான் பிறந்தது. முதல் நாள் சாயங்காலம் வாசலில் தூக்குவாளிச் சத்தம் கேட்டது. என் மனதில் முதலில் வந்தது மட்டக்களப்புப் பிள்ளைகளின் முகம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வந்தது சபையாரின் முகம். கூட்டத்தில் அப்படிப் பேசிவிட்டு வீட்டில் கஞ்சி வாங்கிக் குடிக்கிறான் என்று எவனாவது சொல்லிவிட்டால்? மகனைக் கூப்பிட்டேன்.

“அம்மாக்கு வயிறு சரியில்ல, இந்த வருசம் கஞ்சி வேண்டாம்னு சொல்லிரு.”

“அம்மா நல்லாத்தானப்பா இருக்கா?”

“சொன்னதச் சொல்லுல.”

அவன் போனான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மகன் எனக்காகப் பொய் சொல்வதைக் காதால் கேட்டேன். முதல் வார்த்தையில் திக்கினான். அடுத்தடுத்த வார்த்தைகள் சரளமாக வந்துவிட்டன. அந்தச் சரளம் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படியான காரணம் என்னிடம் ஒன்றும் இல்லை. ஆகவே பிள்ளையை அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம், நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அந்தப் பையனின் அம்மா வந்தார். பகல் முழுக்கத் தண்ணீர் படாத நாக்கோடு, அக்னி நட்சத்திர வெயிலில், கையில் ஒரு பாட்டில் ஓமத்தண்ணி. என் மனைவிக்கு விஷயமே தெரியாது. “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்று சிரித்திருக்கிறாள். அந்த அம்மா ஒரு நிமிஷம் பேசாமல் நின்றாராம். பிறகு பாட்டிலைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் புழக்கடையில் ஸ்கூட்டர் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையிலேயே துடைத்த ஸ்கூட்டர். குரல் கேட்டுத்தான் அங்கே போனேன்.

இதை எழுதும்போது அந்த ஸ்கூட்டரை முதலில் விட்டுவிட்டேன். மனைவி படித்துவிட்டு, “நீங்க பின்னாடி போய் நின்னத எழுதலயே” என்றாள். எழுதிவிட்டேன்.

அதன் பிறகு தூக்குவாளி வரவில்லை. தெருவில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல் தலையை ஆட்டுவார். பையன்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது நின்றது. அடுத்த வருடம் வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். என்னால்தான் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். அதுவும் என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்கிற வேலை. ஆனால் போகும்போது சொல்லிக்கொண்டு போகவில்லை.

இலங்கையில் அதே மே மாதம் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் அடித்து நொறுக்கின. ஆள் கொலையும் நடந்தது. பழிவாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் கொழும்பின் கர்தினால் மல்கம் ரஞ்சித். தன் மந்தையைப் பறிகொடுத்த மனுஷர். குண்டுதாரிகளின் தலைவனான சஹ்ரானைப் பற்றி, குண்டு வெடிப்பதற்கு முன்பே காத்தான்குடி முஸ்லிம்களே போலீசில் புகார் சொல்லியிருந்தார்கள் என்பதையும் பிற்பாடு படித்தேன். முதலில் தெரிந்திருந்தால் கஞ்சியை வாங்கியிருப்பேனா? மாட்டேன். கடையை நொறுக்கியவனுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கல்லெடுக்கத் தைரியம் கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், முதலூர் கதையை என்னைவிட உருக்கமாக எங்கள் சபையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஊரை விட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலமாக 1799இல் உண்டான ஊர். அடைக்கலம் வாங்கினவர்களின் பரம்பரை நான். வருடந்தோறும் அதைச் சொல்லிக் காணிக்கை எடுத்திருக்கிறேன்.

மகன் பொய்யோடு தப்பினான். மகள் நான் சொன்னதை நம்பிவிட்டாள். சில வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். முக்காடு போட்ட ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று வகுப்பில் எழுந்து நின்றிருக்கிறாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, “எங்கப்பா சொல்லிருக்காவ” என்றிருக்கிறாள். நான் டீச்சரிடம், “சின்னப் பிள்ளை, ஏதோ புரியாமப் பேசிட்டா” என்றேன். முன்பு மகனை வாயாக்கிக்கொண்டேன். இப்போது என் குற்றத்தை மகள் தலையில் வைத்தேன். கடைசியில் இடம் மாற்றப்பட்டது அந்தப் பிள்ளைக்கு. என் மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மகன் திடப்படுத்தல் வகுப்புக்குப் பேர் கொடுக்க மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டேன். “பொய் சொல்லாதிருக்கணும்னு அதுல ஒரு கட்டளை இருக்குல்லப்பா” என்றான். அறைந்தேன். எபேசியர் ஆறாம் அதிகாரத்தை ஓய்வுநாள் பள்ளியில் நடத்தும்போதெல்லாம், பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்கிற முதல் வசனத்திலேயே எனக்கு மணியடித்துவிடும். பிள்ளைகளைக் கோபமூட்டக் கூடாது என்று தகப்பன்மாருக்குச் சொன்ன நாலாம் வசனத்துக்கு வந்து சேர்ந்ததில்லை.

இதற்குப் பிறகாவது திருந்தினேனா? இல்லை. 2023 அக்டோபர் 7 வந்தது. இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். பிறகு காஸா மேல் குண்டு விழ ஆரம்பித்தது. நான் எசேக்கியேல் 38ஐயும், தீர்க்கதரிசனக் கணக்கு எழுதும் என் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டேன். கோகு யார், மாகோகு எந்த நாடு என்று மகளுக்கு விளக்கினேன். எனக்குள் ஒரு சந்தோஷப் பரபரப்பு இருந்தது. செத்த யூதர்களுக்காகவும் நான் அழவில்லை, செத்த பாலஸ்தீனர்களுக்காகவும் அழவில்லை. இரண்டு பக்கத்துப் பிணங்களும் எனக்குக் கடைசிக் காலத்தின் அடையாளம். இயேசுவின் வருகை சமீபம் என்று சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அந்த மாதம் 17ஆம் தேதி காஸாவில் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் வெடிப்பு நடந்தது. அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் செத்தார்கள். வெளியூரில் படித்துக்கொண்டிருந்த மகன் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். அந்த மருத்துவமனையை நடத்துவது எருசலேம் ஆங்கிலிகன் பேராயம். 1882இல் அதைத் தொடங்கியது சர்ச் மிஷனரி சங்கம். 1820இல் மிஷனரி ரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது அதே சங்கத்திலிருந்துதான். நான் ஞானஸ்நானம் வாங்கிய சபை முளைத்த அதே வேர். மகன் கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: “இது நம்ம ஆஸ்பத்திரிப்பா, உங்க நோட்டுல இருக்கா?”

நோட்டில் இல்லை. காஸாவில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே என் தீர்க்கதரிசனக் கணக்கில் இல்லை. இரண்டு நாள் கழித்து அங்கே புனித பொர்பிரியுஸ் ஆலய வளாகத்திலும் குண்டு விழுந்து, அடைக்கலம் புகுந்தவர்கள் செத்தார்கள். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டதை அழித்தேன். ஏன் அழித்தேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மகளிடம் போன வருடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கஞ்சி, ஓமத்தண்ணி, ஸ்கூட்டர், அவள் டீச்சரிடம் நான் சொன்னது. கேட்டுவிட்டு அவள் கோபப்பட்டது அவள் மேலேயே. அந்தப் பிள்ளையைத் தேடிப் பார்த்திருக்கிறாள். பள்ளியை விட்டுப் போய் நாளாகிவிட்டது.

மகனுக்கு போன் பண்ணி, பக்கத்து வீட்டுப் பையனின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான். இரண்டு பேரும் எப்போதோ மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்களாம். எனக்குத் தெரியாது. நம்பர் தரச் சொன்னேன். இல்லையென்றால், நான் வருத்தப்படுவதாக நீயே சொல்லிவிடு என்றும் சொன்னேன்.

“போன தடவையும் என்னத்தான அனுப்புனிய,” என்றான். “இந்தத் தடவ நீங்களே போங்கப்பா.”

அவர்கள் இப்போது காயல்பட்டினத்தில் இருக்கிறார்களாம். திருச்செந்தூர்ப் பக்கம் போகிற பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் இன்னும் போகவில்லை.