மலை எங்கும் போய்விடாது

வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்கும் தொடர்ச்சி மலையை எழுத்தில் தீட்டாதவர் எங்களுள் ஒருவரும் இலர். கவிதையில் அதற்கு நீலம் பூசியிருக்கிறோம். கட்டுரையில் பச்சை பூசியிருக்கிறோம். தாளும் தூரிகையுமாக அதன் முன் அமர்ந்தது இந்தத் தை மாதத்தில்தான். நால்வர் சென்றோம். நால்வரும் ஐம்பதைக் கடந்தவர்கள். பள்ளிப் பருவத்துக்குப் பின் வண்ணத்தைத் தொடாதவர்கள்.

இந்த எண்ணத்தை விதைத்தவர் எங்களுள் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இரு கண்களிலும் புரை முற்றி, வலக்கண்ணுக்கு மாசியில் அறுவை என்று நாள் குறித்திருந்தார்கள். “கண் மாறுவதற்கு முன் இந்த மலையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்” என்றார். ஏன் என்று கேட்டோம். சிரித்தாரே தவிர விடை கூறவில்லை.

கேம்லின் வண்ணக் குழாய்கள், பரீட்சை அட்டை, தூக்குவாளியில் தண்ணீர், பழைய வேட்டிக் கிழிசல். எங்கள் படைக்கலங்கள் இவ்வளவே. குழாய் என்பது சாதாரணப் பொருளன்று, நண்பர்களே. ஜான் காஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் 1841இல் வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெறும்வரை, எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தனர். குழாய் வந்தபின்தான் மோனே போன்றோர் வண்ணத்தைச் சுமந்துகொண்டு வயல்வெளிக்குப் போவது எளிதாயிற்று. 1792இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் இங்கே வரைந்தனர். பாபநாசம் அருவி வண்ண அச்சாக உருப்பெற்றது பின்னர் லண்டனில்.

குளத்துக்கரைப் பனைகளின் அடியில் இடம் பிடித்தோம். எதிரே கதிர் வாங்கிய பிசான நெல், அதற்கப்பால் மலை. காலை ஏழு மணிக்குக் கீழ்வெயில் நேராக மலைமுகத்தில் விழுந்து ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துக் காட்டியது. பாறை செம்மண் நிறம், சோலை கரும்பச்சை. முதற்பூச்சு உலர்வதற்குள் மேகநிழல் ஒன்று நகர்ந்து, வரைந்த மடிப்பை விழுங்கிவிட்டது. பத்து மணிக்குப் புகார் படிந்து மடிப்புகள் யாவும் மறைந்தன. மாலையிலோ ஞாயிறு மலைக்குப் பின்னே இறங்க, மலை முழுதும் ஒற்றைக் கருநீலம்.

ஆடு மேய்த்து வந்த ஆச்சி ஒருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மல எங்கயும் போயிராதுய்யா, ஏன் இம்புட்டு அவசரப்படுதிய?”

போய்க்கொண்டுதான் இருந்தது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்றதை எத்தனையோ மேடைகளில் விளக்கியிருக்கிறோம். மருதத்தில் அமர்ந்து குறிஞ்சியை வரைய முயன்ற அன்று, பொழுதைப் பிரித்தால் நிலமென்று தாளில் வைக்க ஏதும் மிஞ்சாது என்பது கைக்குத் தெரிந்தது.

மூத்தவருக்கு அந்த அவசரம் இல்லை. நீலக் குழாயையும் கறுப்புக் குழாயையும் எங்களிடம் பெயர் கேட்டே எடுத்தார். அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தாளில் எழுந்த மலை காவியும் மஞ்சளுமாக, பழுத்த பலாச்சுளை போல இருந்தது. “ஐயா, கொஞ்சம் நீலம்...” என்றார் எங்களுள் ஒருவர். “நீங்க பாக்கிற மலையை நீங்க போடுங்க” என்று முடித்துவிட்டார்.

மோனேக்கும் இதுவே நேர்ந்தது. 1912இல் புரை என்று அறிந்தும் 1923 வரை அறுவையைத் தள்ளிப்போட்டார். அவ்விடைக்காலத்தில் அவர் தோட்டத்துப் பாலம் செந்நிறமும் பழுப்புமாக எரிகிறது. அதைக் கண்ணின் குறை என்பாரும் உளர். எங்களுக்கு அத்துணிவு இல்லை. பக்கத்தில் அமர்ந்து பார்த்துவிட்டோமே.

மாசியில் வலக்கண்ணுக்கு வில்லை பொருத்தினார்கள். கட்டு அவிழ்த்த வாரமே குளத்துக்கரைக்கு அழைத்துப் போனோம். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறுகண்ணை மூடிப் பார்த்தார். வலக்கண்ணில் நீலமலை, இடக்கண்ணில் பழைய காவிமலை. வெகுநேரம் மாறி மாறி மூடிக்கொண்டே இருந்தார். நாங்கள் பேசவில்லை.

இடக்கண்ணுக்குச் சித்திரையில் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் இன்னொரு முறை போகவேண்டுமாம்; தாளின் நடுவே கோடிட்டு, வலப்பாதியை ஒரு கண்ணாலும் இடப்பாதியை மறு கண்ணாலும் வரையப்போகிறாராம். “நம்ம ஊர்ச் சாமியே அர்த்தநாரிதானே, பாதிப் பாதியா இருந்தா என்ன?” என்கிறார். பெரிய தாள் வாங்கி வைத்திருக்கிறோம்.