மழையில் மலையேறலாமா?

பொட்டிபுரத்தில் நின்று மேற்கே பாருங்கள். ஏலமலை நீலப் பட்டாக விரிந்திருக்கும். போடிநாயக்கனூர் வந்து, முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. ஏலக்காய் மணம் மூக்கைத் துளைக்கும்!

ஆனால் ஆடியோ ஐப்பசியோ, அடைமழை பிடித்தால் மலைக்குக் கோபம் வந்துவிடும். இமயத்தில் பனி சரிகிறது. இங்கே மண் சரிகிறது. நீர் ஊறிய மண் கனத்து, பாறைமேல் பிடி தளர்ந்து வழுக்குகிறது. மூணாறு அருகே பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6 இரவு, லயங்களில் இருந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேரை மண் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் தமிழர்கள்.

ஆகவே சகோதரிகளே, குழந்தைகளோடு கிளம்புமுன் போடியில் பாதையை விசாரியுங்கள். மழை நாளில் இரவில் ஏறாதீர்கள். ஓடைநீர் திடீரெனக் கலங்கினாலும், சிறு கல் உருண்டாலும் அது எச்சரிக்கை. சரிவின் அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

மலை எங்கும் ஓடிப்போகாது. தை பிறக்கட்டும், போய் வரலாம்!