டிசம்பர் 24

ஒவ்வொரு டிசம்பர் 24 அன்றும் போனைத் திறந்தால் 'வரலாற்றில் இன்று' என்று பெரியாரையும் எம்.ஜி.ஆரையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். 1973இல் வேலூர் மருத்துவமனையில் பெரியார், 94 வயதில். பதினான்கு வருஷம் கழித்து, 1987இல், அதே தேதி அதிகாலையில் எம்.ஜி.ஆர். எங்கள் வீட்டில் இரண்டு படமும் ஒரே சுவரில் இருந்ததில்லை. தாத்தாவின் பெரியார் கூடத்தில், ஆயாவின் எம்.ஜி.ஆர். சமையலறையில், அரிசி டின்னுக்கு மேலே.

அன்றைக்குக் காலையிலேயே ஆயா குளித்துவிட்டு எம்.ஜி.ஆருக்குப் பூ வைத்து விளக்கேற்றும்.

"செத்தவருக்கு வெளிச்சம் எதுக்குடி?"

"நீங்க மட்டும் சிலைக்கு மாலை போடப் போறீங்களே?"

"அது மரியாதை."

"இதுவும் அதான்."

தாத்தா இதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கருப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஆயா ஒரு மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தது. காரியம், திதி எதற்கும் தாத்தா சம்மதிக்கவில்லை. அத்தைகள் மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான். நாற்பத்தைந்து வருஷம் சோறு போட்டவளிடம்கூடவா கொள்கை?

அந்த டிசம்பரில், சிலைக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பிய தாத்தாவின் கையில் வாழையிலைப் பொட்டலம். இரண்டு முழம் கதம்பம். நேரே சமையலறைக்குப் போனார். ஆணி உயரத்தில் இருந்தது, எட்டவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"விளக்கெல்லாம் வேணாம். பூ மட்டும் வச்சுடு," என்றார். "இல்லைன்னா கேப்பா."