வேலி காத்த நிலம்

சென்ற தவணையின் இறுதி வாரத்தில் எமது பாடசாலை ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதம் மூண்டது. புவியியல் கற்பிக்கும் நண்பர் தேநீர்க் கோப்பையை மேசைமீது வைத்துவிட்டு எம்மை நோக்கி, "மாஸ்ரர், நீங்கள் கோவிக்கக் கூடாது. ஆமிக்காரன்ர வேலி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், வலிகாமம் வடக்கு முழுக்க இண்டைக்குக் கல்லுக்கிடங்காய்க் கிடந்திருக்கும்" என்றார்.

நாம் கோபித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. எம்மை ஈன்றவள் பிறந்த ஊர் அவ்வேலிக்குள் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உடுத்த உடையோடும் ஒரு தகரப்பெட்டியோடும் தெற்கு நோக்கி நடந்த பல்லாயிரவரில் எம் குடும்பத்தாரும் அடங்குவர். இணுவிலில் உறவினர் வளவொன்று அவர்களுக்கு ஒதுங்க இடந்தந்தது. நாம் பிறந்தது அவ்வளவிலேதான். அம்மானின் குடும்பத்துக்கு அந்த வசதியும் வாய்க்கவில்லை. சுன்னாகத்து முகாமொன்றின் ஓலைக்கொட்டில்தான் அவர்களுக்கு வீடாயிற்று. இவ்வளவும் அறிந்த நண்பர் அவ்வாறு பேசியது எம்மைச் சுட்டது. எனினும் கோபம் ஒரு வாதத்துக்கு மறுமொழியாகாது. நண்பரோ வெறுங்கையோடு பேசுபவரல்லர். அமெரிக்க நாட்டிலிருந்து அவர் ஓர் உதாரணத்தைக் கொண்டுவந்திருந்தார்.

அந்த உதாரணத்தை வாசகரும் அறிந்துகொள்வது நன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில், மத்திய அரசின் கையிலுள்ள பொது நிலம் கடல்போல் விரிந்து கிடக்கிறது. பொன்வேட்டைக் காலத்தின் பிள்ளையாகிய 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்றும் அங்கே உயிரோடிருக்கிறது. அந்நாட்டுக் குடிமகன் எவனும் அப்பொது நிலத்திற் புகுந்து, முளையடித்து, நிலத்தடியிலுள்ள உலோகத்துக்கு உரிமை கோரலாம் என்பது அதன் சாரம். படையினர் பீரங்கி பழகும் வெளிகளும் இதே பொது நிலத்தில்தான் உள்ளன. வெடியாத குண்டுகள் புதைந்து கிடக்கும் மண்ணில் ஒருவன் மண்வெட்டியோடு வந்து நின்றால் என்னாகும்? ஆதலின் குறித்த நிலத்தைச் சுரங்கச் சட்டத்தின் பிடியிலிருந்து 'விலக்கி', படைத்துறைக்கென ஒதுக்கும் முறையொன்று ஏற்பட்டது. 1958ஆம் ஆண்டு இம்முறைக்கு ஒரு கடிவாளமும் இடப்பட்டது. சமாதான காலத்தில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலத்தைப் படைத்துறைக்கு ஒதுக்குவதாயின், காங்கிரஸ் சபை அதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டும் என்றாயிற்று. 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு பெரும் பயிற்சி வெளிகளை ஒதுக்கியபோது, 15 ஆண்டுகள் என்று தவணையும் விதித்தது. தவணை முடிந்ததும் படைத்துறை மீண்டும் சபைமுன் வந்து நின்று, ஏன் இன்னும் வேண்டும் என்று காரணங் கூற வேண்டும்.

நண்பர் சொன்னவற்றுள் எம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது மொன்டானா மாநிலத்துச் செய்தி. அங்கே தேசியக் காவற்படை பயிற்சி பெறும் வெளியொன்று 2013ஆம் ஆண்டு இறுதியில் இவ்வாறு ஒதுக்கப்பட்டது. பரப்பு 18,000 ஏக்கருக்கு மேல். அதன் பெயர் 'சுண்ணக்கற் குன்றுகள்'. பெயருக்கேற்ப அங்கே ஏற்கெனவே சுண்ணக்கல் அகழ்வும் நடந்துவந்தது. நடந்துவந்த அகழ்வுக்கு இடம்விட்டு, புதிதாக எவரும் உரிமை கோராதபடி மிகுதியைச் சட்டம் அடைத்தது. "பாருங்கோ, அங்கயும் சுண்ணக்கல்லு, இஞ்சயும் சுண்ணக்கல்லு. ஆமி இருந்ததாலதான் கல்லு தப்பினது" என்றார் நண்பர்.

இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் மிதக்கும் ஒரு தோட்டம். வற்றாத நதி எதுவும் எமக்கில்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும் விழித்தெழும் ஆறு. ஐப்பசி, கார்த்திகை மழை செம்மண்ணில் இறங்கி, கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக நிற்கிறது. இணுவிலின் புகையிலையும் வெங்காயமும் அப்படலத்தை உறிஞ்சியே வளர்கின்றன. கீரிமலையில் ஊறுவதும் புத்தூர் நிலாவரையில் ஆழந் தெரியாமல் நிற்பதும் இக்கல் தாங்கும் நீரே. கல்லை அகழ்ந்தெடுத்தால், எடுத்த இடத்தில் நீர்க்குடம் உடைந்து போகிறது. இதை விளக்கப் புவியியற் பட்டம் தேவையில்லை; கிணறு வெட்டும் தொழிலாளி எவரும் சொல்வார்.

அகழ்வு நடக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கியது. அத்தொழிற்சாலையைப் பழித்துப் பேச எமது நா எழாது. அரசாங்க மூலதனத்தில் எழுந்து, நிலமற்ற குடும்பங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலாகக் காட்டியது அது. அதன் சங்கெலிக்கு ஊரார் கடிகாரம் பார்த்ததாக எம் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே சங்கு கூப்பிட்ட இயந்திரங்கள் தோண்டிய பெருங்கிடங்குகளும் அங்கேதான் கிடக்கின்றன. கல் எடுத்த குழியை எவரும் நிரப்பவில்லை. 1990இல் போர் தொழிற்சாலையை மூடியது. வேலிக்குள் அகப்பட்ட குழிகளைச் சுற்றிப் பற்றை வளர்ந்தது.

ஆகவே வேலி கல்லைக் காத்தது என்று சொல்லலாம் அல்லவா? நாமும் சில நாட்கள் அவ்வாறே எண்ணிக் குழம்பினோம்.

மொன்டானாவையும் மாவிட்டபுரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது குழப்பம் சற்றுத் தெளிந்தது. அங்கே ஒதுக்கப்பட்டது அரசின் நிலம். (அதுவும் முழு உண்மையன்று. நெவாடா மாநிலத்தில் சுமார் 29 இலட்சம் ஏக்கரில், அதாவது யாழ்ப்பாண மாவட்டத்தைப்போற் பத்து மடங்குக்கும் மேலாக, விரிந்து கிடக்கும் விமானப்படைப் பயிற்சி வெளி தம் முன்னோர் மண் என்று மேற்குச் சொசோனி மக்கள் 1863ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் காட்டி இன்றும் வாதிடுகின்றனர். பொது நிலம் என்ற சொல்லுக்குக் கீழே எவருடைய எலும்பு கிடக்கிறது என்று கேட்டுப் பார்ப்பது எந்த நாட்டிலும் நல்லதே.) ஆயினும் அங்கே ஒரு வரைபடம் உண்டு, ஒரு தவணை உண்டு, மறுக்கக்கூடிய ஒரு சபை உண்டு. நெவாடா வெளிக்கு 2021 தொடக்கத்தில் தவணையை நீடித்த சட்டம், விமானப்படை மேலதிகமாகக் கேட்ட நிலத்தைக் கொடுக்க மறுத்தது. அதே சபை 2022 இறுதியில் கடற்படையின் ஃபாலன் தளத்துக்கு நிலத்தை விரித்துக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏகாதிபத்திய நாட்டின் சட்டசபையை நாம் கோயிலாக்க வரவில்லை. கேட்பதற்கு ஓர் இடமாவது இருக்கிறது என்பதே சொல்ல வந்தது.

இங்கே நடந்தது என்ன? இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த பலாலி ஓடுபாதையைச் சுற்றி, 1990க்குப் பின் 'உயர் பாதுகாப்பு வலயம்' என்ற பெயரில் ஊர்கள் ஒவ்வொன்றாக விழுங்கப்பட்டன. தவணை இல்லை, வரைபடம் மக்கள் கையில் இல்லை, இழப்பீடு இல்லை. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, போர் முடிந்து நான்காண்டுகளும் சென்றபின், 2013 ஏப்ரிலில் சட்டம் வந்து சேர்ந்தது. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்கீழ் 6,381 ஏக்கரைப் படைத்தலைமையகத்துக்கென எடுக்கப்போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்று அவற்றிற் காணப்பட்டது! உரிமையாளர்களோ கூப்பிடு தொலைவில், முகாம்களில், கையில் உறுதியோடு இருந்தனர். அவர்களுள் ஈராயிரம் பேர் வரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றனர்.

ஏக்கர் என்ற கணக்கு எம்மூர்க் கமக்காரனின் நெஞ்சில் தைப்பதில்லை. அவன் கணக்கு பரப்பு. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று பெருக்கிப் பாருங்கள்: ஓர் இலட்சத்துக்கும் மேல். நாலு பரப்பிலும் ஆறு பரப்பிலும் பிள்ளைகளை ஆளாக்கிய சமூகம் இது.

2015 முதல் நிலம் கட்டங் கட்டமாக விடுபட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் திரும்பியது. 2025 ஏப்ரிலில் வசாவிளான் – பலாலி வீதி திறக்கப்பட்டபோது, நடந்து செல்லலாகாது, இடையில் நிற்கலாகாது என்ற நிபந்தனைகளும் உடன் திறக்கப்பட்டன. கொடுத்ததைக் கொடுத்தார்கள் என்று சொல்வோம். வேலிக்குள் படையினர் தோட்டஞ் செய்ததையும், காங்கேசன்துறைக் கடற்கரையில் விடுதி நடத்தியதையும் பார்த்தவர்களுக்கு, அந்நிலம் முழுவதும் நாட்டின் காவலுக்கே வேண்டியிருந்தது என்ற வாதம் செல்லாது.

அம்மானின் ஆறு பரப்பும் விடுபட்டவற்றுள் அடங்கும். விடுமுறை தொடங்கிய மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு இணுவில் புகையிரத நிலையத்தில் வண்டியேறினோம். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை. ஒவ்வொரு நிலையத்திலும் அவர் பழைய நிலைய அதிபர் ஒருவரின் பெயரை நினைவுகூர்ந்தார். மாவிட்டபுரத்தில் இறங்கி நடந்தோம். எல்லைக் கற்களைக் காணவில்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. கிணறு மட்டும், கல்லும் கம்பியும் நிரம்பி, வாய் திறந்து கிடந்தது.

அயற்காணியிற் கண்ட காட்சிதான் எம்மைத் திடுக்கிட வைத்தது. அங்கே புதிதாக ஒரு கிடங்கு. கனரக இயந்திரத்தின் பற்கள் பதிந்த வெள்ளைக் கல் வெயிலிற் பளிச்சிட்டது. 'காணி திருத்துவதாக'ச் சொல்லி இரவில் லொறிகள் வந்துபோவதாக அருகிலிருந்தோர் கூறினர். அன்று மாலையே ஒரு தரகர் அம்மானைத் தேடிவந்தார். மேல்மண்ணுக்கு ஒரு விலை, கல்லுக்கு வேறு விலை என்றார்.

அம்மான் எம்மைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எனக்கு எழுபத்திரண்டு வயது. இனி நான் மரவள்ளி நட்டு எப்ப பிடுங்கிறது? பேத்தியின்ர படிப்புக்குக் காசு வேணும். கல்லை வைச்சு நான் என்ன செய்ய?"

எமக்கு மறுமொழி இல்லை. திரும்பி வரும் வண்டியில் புவியியல் நண்பரின் வார்த்தைகளே காதில் ஒலித்தன. வேலி விலகியது, கிடங்கு வந்தது. அவர் வென்றுவிட்டாரோ?

இல்லை என்பதே பல இரவுகள் யோசித்தபின் எமக்குத் தோன்றிய விடை. 1990இல் அம்மானுக்கு முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயது. அன்று ஒரு தரகர் வந்து கல்லுக்கு விலை பேசியிருந்தால், துலாக் கயிற்றால் அடித்துத் துரத்தியிருப்பார். கிணற்றை நம்பி வாழ்பவன் கிணற்றைத் தாங்கும் கல்லை விற்கமாட்டான். சுரங்கத்திலிருந்து நிலத்தைக் காக்கும் வலிமை அந்தக் கைகளில் இருந்தது. அக்கைகளைத்தான் வேலி முப்பது ஆண்டுகள் வெளியே நிறுத்தியது. வேலி கல்லைக் காத்ததாகத் தோன்றிய காலமெல்லாம், கல்லைக் காக்கக்கூடிய மனிதன் முகாமில் மூப்படைந்துகொண்டிருந்தான். வேலியும் கிடங்கும் பகைவரல்லர். ஒன்று மற்றதற்கு வழிசமைத்துக் கொடுத்திருக்கிறது.

இதை நண்பரிடம் கூறியபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அப்ப இப்ப என்ன செய்யிறது, மாஸ்ரர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரம் கொடுப்பவர் கொழும்பிலும், கிணறு வற்றுபவர் மாவிட்டபுரத்திலும் இருக்கும்வரை அச்சட்டம் பாதிச் சட்டமே. காங்கேசன்துறையில் கைத்தொழில் வலயம் அமைக்கும் திட்டத்தையும் அரசினர் அறிவித்துள்ளனர். தொழிற்சாலை வரட்டும், எம் இளைஞர்க்கு வேலை வேண்டும். ஆனால் அதற்குமுன், குடாநாட்டின் சுண்ணக்கல்லை அகழ்விலிருந்து விலக்கி ஒதுக்கும் சட்டமொன்று வேண்டும். ஒதுக்குதல் என்ற அந்த அமெரிக்கச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மனிதனை வெளியேற்றாமல் கல்லை மட்டும் ஒதுக்கட்டும். எல்லை காட்டும் வரைபடம் கிராமசேவகர் அலுவலகச் சுவரில் தொங்கட்டும். மீளக் குடியேறுபவனுக்குக் கிணறு இறைக்கவும் வேலியடைக்கவும் முதற்போகம் நடவும் பணம் கொடுக்கட்டும். தரகர் கொடுக்கும் பணத்துக்கு எதிரே நிற்க வேண்டியது அதுவே.

நண்பர் இதை மனுவாக எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீரின் உவர்த்தன்மையை அளக்கும் கருவியொன்றை எங்கோ இரவல் கேட்டுமிருக்கிறார்.

அம்மான் இன்னும் ஒப்பமிடவில்லை. உறுதி எம் வீட்டு அலுமாரியில் உள்ளது. தரகர் இருமுறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். முதலில் கிணற்றைத் துப்புரவாக்கி இறைத்துப் பார்ப்பது, தண்ணீர் எப்படி வருகிறதோ அதைப் பார்த்து மிகுதியை யோசிப்பது என்று அம்மான் நேற்றுச் சொல்லியனுப்பினார். இறைப்பு இயந்திர வாடகைக்கும் இருவர் கூலிக்கும் பணம் கேட்டார். இன்று காலை கொடுத்தனுப்பினோம்.