காசிமேடு: பழைய படகில் பேட்டரி வயர் தேடும் நாட்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். சென்னை காசிமேட்டில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளில் இந்த 61 நாளும் பழுதுபார்க்கும் வேலைதான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய படகு என்றால் பேட்டரிப் பெட்டியில் கவனம் தேவை. பழைய ஓனர் எந்த வயரை எங்கே இழுத்தாரோ! நிறத்தை நம்ப முடியாது.

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளில் ஒன்றின் பிளஸ்ஸும் மற்றதன் மைனஸும் இணைந்திருந்தால் 24 வோல்ட். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்றால் 12 வோல்ட்தான். 12 வோல்ட் வயர்லெஸ் செட்டுக்கு 24 வோல்ட் போனால் செட் கருகிவிடும்.

அதனால், கழற்றும் முன் செல்போனில் போட்டோ, ஒவ்வொரு வயரிலும் ஒரு சீட்டு, மாட்டும் முன் மல்டிமீட்டர் சோதனை. சிக்னல் கிடைக்காத கடலில் உதவி கேட்க அந்த செட்தானே இருக்கிறது!