உம்மும்மா ஏறிய காருக்கு என்ன நிறம்?



உங்கள் உம்மும்மா முதன்முதலாக ஏறிய கார் எது? அதற்கு என்ன நிறம்? அதன் முன் கண்ணாடி ஒரே துண்டா, இரண்டு துண்டா? இது என்ன கேள்வி என்று சிரிக்க வேண்டாம். இந்த மாதம் உங்களை இலங்கையின் கிழக்குக் கரைக்கு, மட்டக்களப்பு வாவியோரமாக அழைத்துப் போகிறேன். பயணம் முடிவதற்குள் இந்தக் கேள்வியின் பெறுமதி உங்களுக்கே விளங்கும், இன்ஷா அல்லாஹ்.

எழுவானும் படுவானும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்துக்கு எழுவான்கரை என்று பெயர். சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல் நிலம் படுவான்கரை. சூரியன் படும் பக்கம். எவ்வளவு அழகான பெயர்கள் பாருங்கள்! கடையும் பெரிய ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். நெல் விளைவது படுவான்கரையில். நடுவே தண்ணீர். ஆகையால் இங்கே வாகனம் என்பது ஒரு காலத்திலும் வெறும் ஆடம்பரமாக இருந்ததில்லை.

வடக்கிலிருந்து வருவோர் முதலில் ஓட்டமாவடிப் பாலத்தைக் கடக்க வேண்டும். பழைய பாலத்தில் ரயிலும் மற்ற வாகனங்களும் ஒரே வழியாகத்தான் போய்வந்தன. ரயில் வந்தால் கார், லொறி, மாட்டு வண்டி எல்லாம் காத்து நிற்கும். பிறகு ஏறாவூர். அதன் பிறகு மட்டக்களப்பு நகரம். 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இன்றும் வாவியைப் பார்த்தபடி நிற்கிறது.

நகரத்திலிருந்து தெற்கே போக வேண்டுமானால் கல்லடிப் பாலம். 1924இல் கட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் மனிங் துரையின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. நிலாக் காலத்தில் இதன் அடியில் மீன் பாடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் இந்தப் பாலத்தைத் தினமும் கடந்தவர்களுக்கு நினைவிருப்பது வேறொன்று: காத்திருப்பு. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் மட்டுமே போக முடியும். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் வந்தது. பழைய பாலத்தில் இப்போது நாம் நிதானமாக நடந்து பார்க்கலாம்.

நடக்கும்போது அதன் அகலத்தைக் கவனியுங்கள். இந்தப் பாலத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல ஒரு கார் இருந்தது. அதுதான் மொரிஸ் மைனர்.

ஐந்தடி அகலக் கார்

மொரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். இன்று துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரில், உஸ்மானியர் ஆட்சியின்போது, 1906இல் பிறந்தவர். 1948இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் முதன்முதலாக வைக்கப்பட்டது. கம்பெனி முதலாளியான நபீல்ட் பிரபுவுக்கோ இதைப் பிடிக்கவில்லை; உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம்! ஆனால் 1971 வரை 16 இலட்சம் வண்டிகள் விற்றன. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுவே.

ஒரு சுவையான செய்தி. கார் ஏறக்குறைய தயாரான நிலையில், அது மிக ஒடுக்கமாகத் தெரிகிறது என்று இசிகோனிஸ் நினைத்தார். மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். 4 அங்குலம் விலகியதும், போதும் என்றார். அப்படிச் சேர்த்த துண்டுதான் முன் மூடியின் நடுவே தட்டையான பட்டையாக இன்றும் தெரிகிறது. சட்டை பிடிக்கிறது என்று நடுவே ஒரு துண்டு வைத்துத் தைப்போம் அல்லவா? அதே வேலைதான்.

நம் நாட்டில் 1960களில் வெளிநாட்டு நாணயத் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977க்குப் பிறகுதான் ஜப்பானிய வாகனங்கள் தாராளமாக வந்தன. இடைப்பட்ட காலம் முழுவதும் மொரிஸ் மைனர், ஒஸ்டின், ஹில்மன், பீஜோ என்று இருந்த கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். கிடைக்காத உதிரிப் பாகத்தைக் கராஜ் பாஸ்மார் தகரத்தை அடித்துக் கையாலேயே செய்தார்கள். மட்டக்களப்பில் பறங்கியச் சகோதரர்கள் தச்சு வேலையிலும் இயந்திர வேலையிலும் பேர் பெற்றவர்கள். பின்னாளில் தென்னிலங்கையில் கையால் அடித்த மொரிஸ் மைனர் பாகங்கள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாயின என்றால் பாருங்கள்!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் தேதிதான் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் மதிப்பு பலருக்கும் புரிந்தது. ஆனால் வாவிக் கரையில் மிஞ்சியவை எத்தனை? உப்புக் காற்றில் அடித்தட்டு துருப்பிடிக்கும். 1978 நவம்பர் 23ஆம் தேதிச் சூறாவளி, 2009 வரை நீடித்த யுத்தம், 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி ஆகியவற்றைத் தாண்டி வந்தவை சொற்பமே.

கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு கராஜ்

கல்லடியைத் தாண்டித் தெற்கே சென்றால் காத்தான்குடி. வீதி நடுவே பேரீச்ச மரங்கள் வரவேற்கும். இந்தப் பகுதியில் மௌலவி ஆசிரியராக இருப்பதால் எனக்குப் பழக்கமான ஒரு வீடு இங்கே உண்டு. அந்த வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகளுக்குப் பதிலாகக் கார்கள் நிற்கின்றன. எல்லாம் கையடக்கமானவை.

வீட்டுக்காரரின் மைத்துனர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டியில்தான் இது தொடங்கியது. ஜப்பானின் தமியா கம்பெனி தயாரித்த மொரிஸ் மினி. அதுவும் இசிகோனிஸ் வரைந்த கார்தான், 1959இல் வந்தது. பெட்டிக்குள் கார் இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் கதவு, இருக்கை, சக்கரம் என்று சிறு சிறு துண்டுகள் காய் போலத் தொங்கும். வெட்டி எடுத்து, அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, நிறம் பூசி, ஒட்ட வேண்டும். உடன் ஒரு வழிகாட்டித் தாள். நம் முன்னோரான அல்ஜஸரி 1206இல் ஐம்பது இயந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில், வாசிப்பவர் தாமே செய்துகொள்ளும்படி ஒவ்வொரு பாகத்தையும் படத்தோடு விளக்கியிருக்கிறார். அந்த மரபு நமக்குப் புதிதல்ல.

மாதிரிக் கார்களில் அளவுதான் உயிர். 1:24 என்றால் அசலில் 24 அங்குலம், மாதிரியில் 1 அங்குலம். 12 அடி 4 அங்குல நீளமுள்ள மொரிஸ் மைனர் 6 அங்குலத்துக்குச் சற்று அதிகமாக வரும். ஐந்தடி அகலம் 2½ அங்குலமாகும். இசிகோனிஸ் சேர்த்த 4 அங்குலப் பட்டையோ வெறும் 4 மில்லிமீற்றர். தையல் அளவு பழகிய கைகளுக்கு இந்தக் கணக்கு எளிதாக வரும். அந்த வீட்டில் நிறம் பூசுவது மகள்தான்.

மினி முடிந்ததும், தம் வாப்பா வைத்திருந்த மொரிஸ் மைனரைச் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை வந்தது. அதற்குப் பெட்டி கிடைக்கவில்லை. ஆகவே காலண்டர் அட்டையிலும் தகரத்திலும் தாமே வெட்டத் தொடங்கினார். அங்கேதான் சிக்கல். எந்த வருடத்துக் கார்? என்ன நிறம்? அந்தக் கார் 1978 சூறாவளியில் தென்னை விழுந்து நசுங்கி, பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டது. படம் இருந்த அல்பம் சுனாமியில் போயிற்று. அண்ணன் தம்பிமார் மூவரும் ஒரே குரலில் சொன்னது: "கறுப்பு."

உள்ளறையிலிருந்து அவர்களின் உம்மா மறுத்தார். எண்பதைக் கடந்தவர். "கறுப்பு புறகு அடிச்சது. நான் கலியாணம் முடிச்சி வரக்குள்ள பச்சை" என்றார். முன் கண்ணாடி எப்படி என்று நான் கேட்டேன். "ரெண்டு துண்டு மகன். நடுவுல ஒரு கம்பி. மழை பெய்தா அந்தக் கம்பியடியிலதான் ஒழுகும். திரும்பக்குள்ள பக்கத்தால ஒரு சின்னக் கை வெளிச்சத்தோட எழும்பும்."

சகோதரிகளே, இந்த இரண்டு வாக்கியங்களின் பெறுமதி என்ன தெரியுமா? மொரிஸ் மைனருக்கு இரு துண்டுக் கண்ணாடி 1956 வரைதான். அதன் பிறகு வளைந்த ஒற்றைக் கண்ணாடி. பக்கத் தூணிலிருந்து எழும் கைகாட்டி 1961இல் நின்றுவிட்டது. ஆக, அது 1956க்குப் பிந்திய கார் அல்ல! எந்தப் பத்திரமும் இல்லாமல் ஒரு மூதாட்டியின் நினைவு காரின் காலத்தைச் சொல்லிவிட்டது. நிறத்துக்கும் சாட்சி கிடைத்தது. பின் வளவில் கோழிக்கூட்டுக்கு மறைப்பாக அந்தக் காரின் கதவு ஒன்று கிடந்தது. காசு விளிம்பால் சுரண்டினோம். கறுப்புக்கு அடியில் பச்சை!

பிறகு அவர் சொன்னதை ஆண்மக்கள் எவரும் அதுவரை கேட்டதில்லை. மூத்த மகனைப் பெற வலியெடுத்தபோது, அந்தக் காரில்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். கண்ணாடிகளுக்கு மாமி தைத்துப் போட்ட வெள்ளைத் திரை. கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்கத்து வாகனங்கள் வந்து தீரும் வரை காத்திருப்பு. "அந்தத் திரைப் பூவை எண்ணிக்கிட்டே கிடந்தன்" என்றார்.

இப்போது அந்தப் பச்சைக் கார் அலுமாரியில் நிற்கிறது. பின் கண்ணாடிகளில் நகமளவு வெள்ளைத் திரை, பேத்தி தைத்தது. இலக்கத் தகட்டில் மட்டும் எண் இல்லை. 1950களின் கடைசியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முன் ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்தன. "இங்கிலீசு எழுத்து ரெண்டு" என்பதற்கு மேல் உம்மும்மாவுக்கு நினைவில்லை. இல்லாத எண்ணைக் கற்பனையாக எழுத வேண்டாம் என்று பேத்தி வெறுமையாக விட்டுவிட்டாள். அந்த நேர்மையை நான் மிகவும் மெச்சுகிறேன்.

தாய்மார் கேட்பவை

இவற்றை வீட்டில் வைக்கலாமா என்று சில தாய்மார் கேட்பதுண்டு. உயிருள்ளவற்றின் உருவம் பற்றித்தான் மார்க்கத்தில் கண்டிப்பு உண்டு. மரம் போன்ற உயிரற்றவற்றை வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்கு ஆலோசனை சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வருகிறது. கார் உயிரற்றது, தடையில்லை. ஆனால் வீண் விரயம் ஆகாது. விலையுயர்ந்த பெட்டிதான் வேண்டும் என்பதில்லை; அட்டையும் தகரமும் போதும். டின்மீன் தகரத்தில் காரும், பழைய பாட்டாச் செருப்பில் சக்கரமும் வெட்டிய பிள்ளைகள் தானே நாம்!

கவனிக்க வேண்டியவை மூன்று. பசையின் வாடை தலையைச் சுற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கூரிய கத்தியும் சிறு துண்டுகளும் தவழும் குழந்தைக்கு எட்டக்கூடாது. மாரி மழைக் காலத்தில் விசிறும் நிறம் ஈரக் காற்றால் பால் போல் வெளுத்துவிடும். வெயில் நாளுக்குக் காத்திருங்கள்.

இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கவும் வேண்டாம். மாட்ச்பொக்ஸ் கார்கள் பிறந்த கதை தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. ஜாக் ஓடெல் என்பவர் தம் மகளுக்காக வீதி உருளை வண்டி ஒன்றைத் தீப்பெட்டி அளவில் செய்து கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற வரிசை.

பாதை கடந்து

காத்தான்குடியிலிருந்து ஆரையம்பதி வழியாக மண்முனைக்குப் போனால் வாவியைக் கடக்கலாம். 2014இல் பாலம் திறக்கும் வரை இங்கே 'பாதை'தான். வாகனங்களை ஏற்றி இறக்கும் மிதவைக்கு இந்தப் பகுதியில் அதுவே பெயர். அக்கரையில் வயல், வயல், வயல். சிவப்பு மெசி பெர்குசன் உழவு இயந்திரங்கள் உழுகின்றன. மாதிரிப் பெட்டிகளுக்குப் பேர்போன எயர்பிக்ஸ் கம்பெனி 1949இல் செய்த முதல் வாகன மாதிரி எது என்று நினைக்கிறீர்கள்? காரும் அல்ல, விமானமும் அல்ல. பெர்குசன் உழவு இயந்திரம்தான்! விற்பனையாளர்கள் விவசாயிகளிடம் காட்டுவதற்காகச் செய்தது. போடியாரின் காரைவிட அதிகமான குடும்பங்களுக்குச் சோறு போட்டதும், பெட்டி பூட்டி கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களை ஏற்றியதும் அதுவல்லவா?

ஆகவே சகோதரிகளே, இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு மூத்த பெண்களின் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். எந்த வாகனம், என்ன நிறம், யார் ஓட்டியது, எதற்காகப் போனது, எங்கே காத்து நின்றது என்று கேட்டு எழுதுங்கள். ஆண்களிடமும் கேளுங்கள், ஆனால் அவர்கள் "கறுப்பு" என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பிறகு அட்டையில் வெட்டட்டும், தகரத்தில் அடிக்கட்டும். கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அவர்களுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளையும் சுகத்தையும் தருவானாக. ஆமீன்.